விளக்கு மலையேறும் ஊர்

நவம்பர் 26, புதன்
திருச்செங்கோடு

இந்த நாட்குறிப்பில் நான் பார்ப்பதையும் கேட்பதையும் உள்ளது உள்ளபடியே எழுதுவேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். பயந்துகொண்டு எதையும் விடவும் மாட்டேன். பயணக் குறிப்பு எழுதுகிறவருக்கு முதல் தகுதி நேர்மை, இரண்டாவது தகுதி சீவிய பென்சில் என்று தமிழய்யா வகுப்பில் சொன்னார். என்னிடம் சீவிய பென்சில் நிறைய இருக்கிறது.

நான் கோகிலவாணி. எட்டாம் வகுப்பு ஆ பிரிவு. நாளைக்கு அம்மாவோடும் ரத்தினம் மாமாவோடும் இமயமலைக்குப் போகிறேன். சுற்றுலா அல்ல, அப்பாவைப் பார்க்கப் போகிறோம். எங்கள் ஊரில் பாதிப் பேர் போர்வெல் ரிக் வண்டியில் தேசம் தேசமாகப் போகிறவர்கள். அப்பா அவர்களையும் தாண்டிப் போய்விட்டார். அருணாசலப் பிரதேசத்தில் லும்சாங் என்ற மலையூர். அதற்குப் பக்கத்தில் ரோடு போடும் ஒரு கம்பெனிக்காக மலைப்பாறையில் துளை போடும் மிஷின் ஓட்டுகிறார். போன வாரம் அங்கே மண் சரிந்ததாம். அப்பாவுக்குக் காலில் அடியாம். கம்பெனியிலிருந்து மாமாவுக்குப் போன் வந்தது. அம்மாவின் போன் அன்றைக்கு முழுவதும் அவள் இடுப்பில்தான் இருந்தது. ஏன் மாமாவுக்குப் போட்டார்கள் என்று கேட்டேன். "ஆம்பளைங்ககிட்டச் சொல்றதுதான மொறை" என்றார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. ரிக் வண்டிக்குச் சாமான் கடையும் லேத் பட்டறையும் வைத்திருக்கிறார். எப்போதும் சத்தமாகப் பேசுவார். இன்றைக்கு அம்மாவிடம் மெதுவாகத்தான் பேசினார்.

"அக்கா, அம்மிணியும் வரோணும்."

"அரைப் பரிட்சை வருதேடா. அவ எதுக்கு?"

"அங்க பூராம் இந்தி. நானு வாயத் தொறந்தா அடி உழுகும். அம்மிணி இந்திப் பரிட்சையில மத்தியமா பாஸ் பண்ணியிருக்குதல்ல?"

அம்மா மாமாவையே பார்த்தாள். பிறகு "செரி" என்று எழுந்துபோனாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் இந்திக்கு முதல் முறையாக ஒரு வேலை வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சரசக்கா வந்து, "கொழந்தவேலண்ணனுக்குக் கச்சாயம்னா உசுரு, நாலு சுட்டுக் கொண்டுபோ சாந்தாமணி" என்றாள். அம்மா, "எண்ணெச் சட்டி வெக்கலீங்க்கா, நேரமில்ல" என்றாள். ஆனால் அதற்கப்புறம் புறக்கடையில் துவைக்கும் கல்மேல் ரொம்ப நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். பையின் அடியில் அப்பாவின் கல்யாணப் பட்டுவேட்டியை வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பட்டுவேட்டி எதற்கு என்று கேட்டேன். "குளுருமல்ல" என்றாள். பட்டு குளிருக்கு ஆகுமா என்று தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.

விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டு இப்போதுதான் திட்டு வாங்கினேன். அம்மாவுக்கு அந்தச் சொல் ஆகவே ஆகாது. மலையேற்றட்டுமா என்றுதான் கேட்க வேண்டும். சாமி விளக்குக்குச் சரி, டியூப் லைட்டுக்கு எதற்கு என்றேன். "எல்லா வெளக்கும் வெளக்குத்தான்" என்றாள்.

டியூப் லைட் மலையேறியது.

நவம்பர் 27, வியாழன்
குவஹாத்தி

வாழ்க்கையில் முதல் விமானம்! சென்னையில் சோதனை செய்யும் இடத்தில் மாமா நடந்ததும் மிஷின் கீ கீ என்று கத்தியது. பெல்ட்டைக் கழற்றினார், மறுபடி கத்தியது. கடைசியில் பார்த்தால் அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்து. துப்பாக்கி வைத்திருந்த போலீஸ்காரரிடம் மாமா, "சாமிங்க, கருப்பண்ணசாமி" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். அதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இந்த வாரத்தில் அம்மா சிரித்தது அது ஒன்றுதான்.

டிக்கெட் கம்பெனி எடுத்துக் கொடுத்தது. காலில் அடிபட்டதற்கு மூன்று பேருக்கு விமான டிக்கெட் கொடுக்கும் கம்பெனி நல்ல கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும். இதை மாமாவிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே மேகம் உழுத காடு மாதிரி இருந்தது.

அறையில் பல்பு தானாகவே போய்விட்டது. மின்வெட்டு. யாரும் மலையேற்றவில்லை.

நவம்பர் 28, வெள்ளி
போம்டிலா

கம்பெனி ஜீப் வந்தது. கூட்டிப்போக வந்தவர் ஜெபராஜ் அண்ணன், அங்கே சூப்பர்வைசர், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். தமிழ்க் குரல் கேட்டதும் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பையைப் பார்த்துப் பேசுகிறார்.

ஒரு வளைவில் வண்டி நின்றபோது, "எக்கா, வெள்ளம் வேணுமா?" என்று கேட்டார்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளமா? எங்கீங்க வெள்ளம்?"

"இன்னா, பாட்டில்ல."

அவர் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். மாமா, "யோவ், மலைமேல வெச்சு இப்பிடியா கேப்பாங்க?" என்றார். "நாங்க இப்டிதான் சார் கேப்போம், நீங்க 'ஏனுங், ஏனுங்'ன்னு ஏங்குறத நான் கேக்கேனா?" என்றார் அவர். எல்லோரும் சிரிக்கப் பார்த்தோம். முடியவில்லை.

மலை என்றால் எனக்கு இதுவரை எங்கள் ஊர் மலைதான். இங்கே ஒரு மலையின் தோளில் இன்னொரு மலை ஏறி உட்கார்ந்திருக்கிறது. வழியில் ரோடு வேலை நடக்கும் இடத்தில் தலையில் துணி கட்டிய பெண்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நம் நிலத்தில் பாறை கீழே இருக்கிறது. இங்கே தலைக்கு மேலே இருக்கிறது.

அருணாசலம் என்று பலகையில் படித்துச் சொன்னதும் அம்மா கைகூப்பினாள். "அண்ணாமலையார் பேருதான? அவரு மலையிலதான் உங்கப்பா இருக்காங்க. பாத்துக்குவாரு." அது வேறு அருணாசலம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

லாட்ஜில் அம்மாவே விளக்கை மலையேற்றினாள்.

நவம்பர் 29, சனி
லும்சாங்

வந்து சேர்ந்தோம். இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. உச்சியில் மஞ்சள் கூரையோடு பெரிய மடம். அதைக் கோம்பா என்கிறார்கள். புத்த பிட்சுகள் நூற்றாண்டுகளாக இருக்கும் இடமாம். அதிலிருந்து வீடுகள் படிப்படியாக இறங்கி வருகின்றன. வீட்டுக்கு வீடு நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சின்னச் சின்னக் கொடிகளைக் கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். துணிக் கொடியில் மந்திரம் அச்சிட்டிருக்கிறது. காற்று அடித்தால் மந்திரம் சொன்ன மாதிரியாம். நம்மைப் போல நாக்கு வலிக்காது.

நாங்கள் தங்குவது பேமா அக்காவின் வீட்டில். கீழே அவர், மேலே வாடகை அறைகள். வாசலிலேயே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய், இரண்டு கைகளிலும் நீளமான வெள்ளைத் துணியை ஏந்திக்கொண்டு வந்து, குனிந்து, அம்மாவின் கழுத்தில் போட்டார்.

அம்மா கத்தினாள். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. துணியைப் பிடுங்கிக் கீழே எறிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "எனக்கெதுக்குக் கோடி? யாரு இவ? எனக்கெதுக்குடா இவ கோடி போடறா?"

எங்கள் பக்கத்தில் புருஷன் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவந்து அந்தப் பெண்ணுக்குப் போடுவார்கள். அதுதான் கோடி. சின்னப் பெண்களை அந்த இடத்தில் நிற்க விடமாட்டார்கள். நான் தூண் மறைவிலிருந்து ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

மாமா சிலை மாதிரி நின்றார். ஜெபராஜ் அண்ணன் ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார். எனக்குத்தான் தெரிந்திருந்தது. பள்ளி நூலகத்தில் இமயமலை பற்றிய புத்தகத்தில் படித்திருக்கிறேன். "அம்மா, இதுக்குக் காதான்னு பேரு. இங்க விருந்தாளிக்குப் போடுவாங்க. மாலை மாதிரி. மரியாதைம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பேமா அக்காவிடம் இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. துணியை எடுத்துத் தூசி தட்டி என் கழுத்தில் போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அவமானப்பட்டதால் இருக்கும்.

அம்மா பிறகு அந்தத் துணியை என்னிடம் வாங்கித் தடவிப் பார்த்தாள். "மரியாதையா?" என்றாள். "ஆமாம்மா." மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அப்பாவை இன்றைக்குப் பார்க்க முடியாதாம். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதாம்.

விளக்கு மலையேறியது. குளிரில் பென்சில் பிடிக்க வரவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

இன்றும் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இது எனக்கு வியப்பாக இருக்கிறது. நான்தான் கேட்டேன்.

பேமா அக்கா எங்களைக் கோம்பாவுக்குக் கூட்டிப்போனார். அப்பாவுக்காக வேண்டிக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்ன இந்தி என் பாடப் புத்தக இந்தி இல்லை. ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்து கிடக்கிறது. ஆனால் என்னைவிட நன்றாகப் புரியும்படி பேசுகிறார். வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்றார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. சுவரில் வரிசையாகப் பித்தளை உருளைகள். கையால் தள்ளினால் சுற்றும், உள்ளே மந்திரச் சுருள். அம்மா ஒன்றையும் விடாமல் சுற்றினாள்.

வெண்ணெய் விளக்குக்கென்று தனியாக ஒரு கண்ணாடி அறை. நூற்றுக்கணக்கில் எரிகின்றன. நெய் வாசனை இல்லை, வேறு ஒரு கனத்த வாசனை. அம்மா ஒரு விளக்கு ஏற்றினாள். ஊதி அணைக்கக் கூடாது, தானாக முடியட்டும் என்று பேமா அக்கா சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "பாத்தியா? இவங்களுக்கும் தெரிஞ்சிருக்குது" என்றாள் அம்மா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

பிறகு உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார்கள். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "பருத்திக்கொட்டைத் தண்ணியில ஆட்டுக்காலப் போட்டாப்ல இருக்குது" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று பேமா அக்கா கேட்டார். மிகவும் சுவையாக இருக்கிறதாம் என்றேன். உடனே அவர் மாமாவின் கோப்பையை மறுபடி நிரப்பிவிட்டார். மொழிபெயர்ப்பில் நான் சொன்ன முதல் பொய் இது. எழுதி வைக்கிறேன்.

அம்மா விளக்கை மலையேற்றச் சொன்னாள். ஏற்றினேன்.

டிசம்பர் 1, திங்கள்

காலையில் மாமாவும் ஜெபராஜ் அண்ணனும் என்னை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அம்மாவுக்குத் தலைவலி என்று படுத்துவிட்டாள். அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று இரட்டைச் சடை போட்டுக்கொண்டேன்.

வார்டு பக்கம் போகவில்லை. பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு நர்ஸ் என்னை வாயைத் திறக்கச் சொல்லி, நீளக் குச்சியில் சுற்றிய பஞ்சால் இரண்டு கன்னங்களின் உட்புறத்தையும் தேய்த்து எடுத்தார். குழாயில் போட்டு மூடினார். ஒரு காக்கி உடுப்புக்காரர் என் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுதி, குழாய்மேல் அரக்கு வைத்தார்.

"இது என்னத்துக்கு மாமா?"

மாமா ஜெபராஜ் அண்ணனைப் பார்த்தார். அவர், "மலைக் காய்ச்சல் டெஸ்ட் மக்ளே. புதுசா வாற சின்னப் பிள்ளியளுக்கு எடுப்பாங்க" என்றார்.

அந்த நேரத்தில் ஜீப்பில் வெளியூர்க்காரர்கள் கைக்குழந்தையோடு வந்து இறங்கினார்கள். அந்தக் குழந்தைக்கு யாரும் பஞ்சால் தேய்க்கவில்லை.

அப்பாவைப் பார்க்கணும் என்றேன். ஐசியூவில் இருக்கிறார், சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்றார் மாமா. காலில் அடிபட்டவரை எதற்காக அங்கே வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் போன மாதம் பல்குச்சியால் கன்னத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். கன்னச் செல். நடுவில் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியில் பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வந்தது என்று டீச்சர் சொன்னார்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அம்மா, "ஏன் கண்ணு, உனக்கு மட்டும் என்ன டெஸ்ட்டு?" என்று கேட்டாள். மலைக் காய்ச்சல் என்றேன். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

விளக்கு மலையேறியது.

டிசம்பர் 2, செவ்வாய்

கோம்பாவுக்குக் கீழே ஒரு மேட்டில் வேறு மாதிரிக் கொடிகள் இருக்கின்றன. கயிற்றில் கட்டியவை அல்ல. உயரமான மூங்கில்களில் மேலிருந்து கீழ்வரை வெறும் வெள்ளைத் துணி. பழையவை கிழிந்து சாம்பல் நிறமாகிவிட்டன. ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று புதியவை, பளிச்சென்று.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். காயவில்லை, அட்டை மாதிரி விறைத்துவிட்டது. அம்மா அந்த மேட்டைக் கைகாட்டி, "அது என்னன்னு கேளு" என்றாள்.

கேட்டேன். பேமா அக்கா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, யாராவது இறந்தால் நடுவது என்றார். புதிய மூன்றும் ரோட்டு வேலையில் மலை விழுந்த அன்று மிஷினில் இருந்த மூன்று பேருக்காக நட்டது. வெளியூர்க்காரர்கள், அவர்களுக்கு இங்கே யாருமில்லை, அதனால் ஊரே நட்டது என்றார். உனக்குத் தெரியாதா பெண்ணே என்று கேட்டார்.

அப்பாவின் மிஷினில் மூன்று பேர். அப்பா, ஒரு ஜார்க்கண்ட் அண்ணன், ஓர் உதவியாளர். அப்பா போனில் அவர்களைப் பற்றிப் பேசுவார். ஜார்க்கண்ட் அண்ணனுக்கு ரசம் வைக்கக் கற்றுக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

"என்ன சொல்றா?" என்றாள் அம்மா.

"காத்துக்காகவாம். நல்ல காத்து வரட்டும்னு கட்டுவாங்களாம்."

பேமா அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் மாற்றிச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. கொடி காற்றில்தான் ஆடுகிறது.

பிறகு அடுப்படியில் தனியாக இருந்தபோது அவரிடம் ஒன்று கேட்டேன். முதல் நாள் எங்களுக்குப் போட்ட காதா வரவேற்புக்குத்தானே என்று. அவர் மாவு பிசைவதை நிறுத்தினார். குழந்தை பிறந்தாலும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான், ஊருக்குப் போகிறவருக்கும் வருகிறவருக்கும் அதுதான், இறந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் அதுதான், ஒரே துணிதான் பெண்ணே என்றார். அன்றைக்கு எதற்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

விளக்கு மலையேறியது.

டிசம்பர் 3, புதன்

இன்று தமிழ்ப் பரிட்சை. கட்டுரைக் கேள்வியில் பயணம் பற்றித்தான் வந்திருக்கும்.

டிசம்பர் 4, வியாழன்

மாமாவைக் காலையிலிருந்து காணவில்லை. தேடிக்கொண்டு கோம்பாவுக்கு ஏறினேன். பித்தளை உருளைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வயதான பிட்சு ஒருவர் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் மாமாவின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மாமா குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பட்டறையில் தன் விரல் நசுங்கியபோதுகூட அவர் அழவில்லை.

என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கண்ணுல தூசு உழுந்திருச்சு அம்மிணி."

"ரிப்போர்ட் எப்ப வரும் மாமா?"

"என்ன ரிப்போர்ட்டு?"

"மலைக் காய்ச்சல் ரிப்போர்ட்."

மாமா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவருடைய ஸ்வெட்டரில் லேத் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. "நாளைக்கு வரும். மூணு பேருல யாரு எவருன்னு தெரியல சாமி... கெடச்சது ரெண்டுதான். ஒருத்தரு ஒருவேளை..." என்று ஆரம்பித்து, என்ன சொல்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தவர்போல நிறுத்திக்கொண்டார்.

இரண்டுதான் கிடைத்தது.

அப்படியானால் ஒருவர் நடந்து எங்காவது போயிருக்கலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றன. ஜார்க்கண்ட் அண்ணனுக்கும் வீட்டில் பெண் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று இங்கே எழுத வேண்டும், உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். எழுத முடியவில்லை.

"அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு" என்றார் மாமா. "பேப்பர் கையில வரட்டும். இல்லாத ஒண்ணைச் சொல்லி அதும் உசுரைக் கொல்லக் கூடாது."

சொல்லவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கோம்பாவின் கூரையில் இருக்கும் இரண்டு தங்க மான்களைப் பற்றி நிறைய சொன்னேன். அவள் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள்.

விளக்கு மலையேறியது.

டிசம்பர் 5, வெள்ளி

இன்று திருக்கார்த்திகை.

காலையிலேயே அம்மா எழுந்து வெந்நீர் வாங்கித் தலைக்குக் குளித்தாள். இந்தக் குளிரில் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்கவில்லை. "அண்ணாமலையார் மலையில வந்து ஒக்காந்துட்டுத் தீவம் ஏத்தாம இருந்தா நல்லாருக்குமா?" என்றாள். பேமா அக்காவிடம் விளக்கு கேட்கச் சொன்னாள். எங்கள் ஊரில் இன்று வீடு முழுவதும் விளக்கு வைப்போம் என்று விளக்கினேன். அவர் கோம்பாவுக்கு ஆளனுப்பி ஒரு தட்டு நிறைய பித்தளைக் கிண்ண விளக்குகள் வரவழைத்தார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து திரி திரித்தார்கள். அம்மா உள்ளங்கையில் திரிக்கிறாள், பேமா அக்கா குச்சியில் சுற்றித் திரிக்கிறார். அம்மா தமிழில் குறை சொன்னாள், அவர் தன் மொழியில் பதில் சொன்னார். என்னை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை.

மாமாவும் ஜெபராஜ் அண்ணனும் மத்தியானமே போய்விட்டார்கள்.

இங்கே பொழுது சீக்கிரம் சாய்கிறது. மலை விளிம்பு சிவந்ததும் அம்மா ஜன்னல் கட்டையில் வரிசையாக விளக்கு ஏற்றினாள். மேலே கோம்பாவிலும் ஏற்றிவிட்டார்கள். ஊர் அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

மாமா வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றார். கையில் ஒன்றுமில்லை. பின்னால் ஜெபராஜ் அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு.

அம்மா கடைசி விளக்கை ஏற்றி முடித்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"கொண்டாந்தியா ரத்தினம்?"

"எதையக்கா?"

"கோடி."

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா... மச்சான்..."

"தெரியும்டா. வாராவாரம் பண்றவிய அந்த ஞாயித்துக்கெழம போன் பண்ணல. கால்ல அடின்னா, உசுரு போற வலியிலகூட எனக்கு ஒரு போன் போட்டிருப்பாங்க. நீ வந்து வாசல்ல நின்னப்பவே தெரியும். எழவு உழுந்த ஊட்டுல எண்ணெச் சட்டி வெக்கக் கூடாதல்ல, அதான் வெக்கல நானு. வேட்டிய எடுத்து வெச்சேன், உடுத்தி அனுப்போணுமல்ல." அம்மா மூச்சு வாங்கினாள். "அன்னிக்கி இந்த ஊட்டுக்காரி வெள்ளையப் போட்டப்ப, தெரிஞ்சதை யாரோ சத்தமாச் சொன்னாப்ல ஆயிருச்சு. அதான் கத்திப்போட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல?"

"இவளுக்குத் தெரிய வேண்டாம்னுதான். பரிட்சைப் புள்ள." அம்மா என்னைப் பார்த்தாள். "இவ எனக்குத் தெரிய வேண்டாம்னு காத்து, மானுன்னு கதை சொல்லிக்கிட்டுக் கெடந்தா."

ஜெபராஜ் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, "ஆண்டவரே, ஆண்டவரே" என்றார்.

அம்மா பையைத் திறந்து அந்தக் காதாவை எடுத்தாள். ஒழுங்காக மடித்து வைத்திருந்தாள். மாமாவின் கையில் கொடுத்தாள்.

"போடு."

"இங்கயா? அக்கா, ஊருக்குப் போயி, மொறையா..."

"ஊருல நடுவாசல்ல ஒக்கார வெச்சுச் சுத்தி நின்னு பாப்பாங்க. பொட்ட அழிப்பாங்க, வளையல ஒடைப்பாங்க, நல்ல காரியத்துக்குப் போறவ எதுக்கால வராம ஒதுங்குன்னு சொல்லுவாங்க. எனக்கு அது வேண்டாம். எம் பொறந்தவன் நீ இருக்கற, எம் புள்ள இருக்கறா. இங்கயே போட்டுரு. இந்தத் துணி மரியாதைன்னு சொன்னாளே இவ, அது போதும் எனக்கு."

மாமாவால் முடியவில்லை. துணியை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பேமா அக்கா உள்ளே வந்தார். யாரும் எதையும் மொழிபெயர்க்கவில்லை. அவர் மாமாவின் முழங்கையைத் தாங்கித் தூக்கி நிறுத்தினார். காதாவைக் கையில் எப்படி ஏந்த வேண்டும் என்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து விரித்துக் காட்டினார். மாமா குனிந்து அம்மாவின் கழுத்தில் போட்டார். அம்மா குனிந்து வாங்கிக்கொண்டாள். கத்தவில்லை.

பிறகுதான் அழுதாள். அதை நான் எழுதப் போவதில்லை. உண்மையை மறைப்பதற்காக அல்ல. என்னிடம் அதற்குச் சொல் இல்லை.

என் கன்னத்திலிருந்து எடுத்ததை வைத்துத்தான் அப்பாவைக் கண்டுபிடித்தார்களாம். ஜார்க்கண்ட் அண்ணன்தான் இன்னும் கிடைக்கவில்லை. நாளைக்கு ஆற்றங்கரையில் தகனம். நான்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். மாமா மறுபேச்சுப் பேசவில்லை. அப்பாவின் பட்டுவேட்டி நாற்காலிமேல் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். பட்டு குளிருக்கு ஆகாது, சில்லென்று இருக்கிறது.

ஜன்னல் கட்டையில் வெண்ணெய் விளக்குகள் எரிகின்றன. அவற்றை ஒன்றும் செய்யக் கூடாது, தானாக முடியட்டும். அறையின் பல்பும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், கழுத்தில் அந்தத் துணியோடு. நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, "லைட்டை மலையேத்தட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா அந்தத் துணியின் நுனியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"அணைச்சுரு கண்ணு" என்றாள்.

அணைத்தேன்.